பார்த்து எழுதாதீர்கள்: ஒரு விஸ்கியும் ஒரு சிவப்பு சோப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். விஷயம் விஸ்கி. "டீச்சருக்கு இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். குறிப்பாக என் நாத்தனார்.

பண்டிகை, பிறந்தநாள் வந்தால் என் பழைய மாணவர்கள் சிலர் வெளிநாட்டு விஸ்கி பாட்டிலோடு படம் போடுகிறார்கள். எல்லாருக்கும் நாற்பது, ஐம்பது வயதாகிவிட்டது. குடிக்காதே என்று காதைத் திருகும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே எழுதுகிறீர்களே, அதைத் திருத்தும் உரிமை இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். "தொடக்கத்தில் ஹெதர் பூ, நடுவில் கிறிஸ்துமஸ் புட்டிங், முடிவில் பழைய தோல் நாற்காலி" என்று எழுதுகிறீர்கள். ஏன் தம்பி, ஹெதர் பூவை நீ எங்கே முகர்ந்தாய்? உன் வீட்டில் இருந்தது மர பெஞ்ச். பிளாஸ்டிக் நாற்காலி வந்ததே நீ எட்டாம் வகுப்பு போன பிறகுதான்.

முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். பக்கத்து இலையைப் பார்த்து எழுதியது எது, சொந்தமாக எழுதியது எது என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். நீங்கள் எழுதுவது பார்த்து எழுதிய விடை. அது ஏன் கூடாது என்பதை ஒரே ஒரு விஸ்கியை வைத்துச் சொல்கிறேன். அதன் பெயர் லஃப்ராய்க். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, உச்சரிப்பதோ இவ்வளவுதான். கேலிக் மொழிச் சொல் அது. அது பிறக்கும் தீவையும் ஐஸ்லே என்று படிக்காதீர்கள், ஐலா என்று சொல்ல வேண்டும்.

மகள் கிளாஸ்கோவில் இருப்பதால் இரண்டு கோடைக்காலம் அங்கே இருந்திருக்கிறேன். இரண்டாம் முறை மருமகன் ஐலாவுக்குக் கூட்டிப் போனார். காரில் கென்னக்ரெய்க் துறை வரை, அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். போர்ட் எலன் என்ற சின்ன ஊரில் இறங்கிக் கடலோரச் சாலையில் போனால் லஃப்ராய்க், லகாவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று விஸ்கி ஆலைகள் வரிசையாக வருகின்றன. நடந்தே பார்த்துவிடலாம். வெள்ளைச் சுவரில் பெரிய கறுப்பு எழுத்தில் ஆலையின் பெயர், கடலைப் பார்த்தபடி. நம் ஊர் ரைஸ் மில்லைக் கடற்கரையில் கொண்டுபோய் வைத்தது போல இருந்தது.

சிங்கிள் மால்ட் என்றால் என்ன என்று தெரியாமலேயே பலர் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மால்ட் என்பது முளைகட்டிய தானியம். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்தால் ராகி மால்ட். அவர்கள் அதே வேலையை பார்லியில் செய்கிறார்கள். முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே ஆலையில், செம்புக் கொப்பரையில் காய்ச்சி வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்திருந்து, 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலோடு அங்கேயே பாட்டிலில் அடைத்தால்தான் அது சிங்கிள் மால்ட் ஸ்காட்ச். "சிங்கிள்" என்பது ஒரே ஆலை என்பதைக் குறிக்கும். ஒரே பீப்பாய் என்று பொருள் இல்லை. நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் கலந்தது. ஐரோப்பியச் சட்டப்படி அதற்கு விஸ்கி என்று பெயரே போட முடியாது. நம் நாட்டிலும் பார்லியில் நல்ல மால்ட் செய்கிறார்கள். பெங்களூரு அம்ருத் ஆலை தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் முதலில் அறிமுகப்படுத்தியதே கிளாஸ்கோவில்தான்.

இனி லஃப்ராய்க்கின் மணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஐலாவில் மரம் குறைவு. சதுப்பு நிலம் அதிகம். பாசியும் புல்லும் ஹெதர்ச் செடியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் அழுந்தி, பாதி மக்கிக் கறுப்பாகக் கிடக்கும். அதற்குப் பீட் என்று பெயர். செங்கல் போல வெட்டி எடுத்துக் காயவைத்தால் அதுதான் அடுப்பெரிக்க. முளைவிட்ட ஈர பார்லியைத் துளையிட்ட தளத்தில் பரப்பிக் கீழே இந்தப் பீட்டை மூட்டுகிறார்கள். தீ கொழுந்துவிட்டு எரியக்கூடாது, புகைய வேண்டும். புகையில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் ஈரத் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஊறவைப்பது, நொதிப்பது, இரண்டு முறை காய்ச்சி வடிப்பது, பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடப்பது, இத்தனையையும் தாண்டி அந்தப் புகை கிளாஸ் வரை வருகிறது.

மற்ற பல ஆலைகள் முளைகட்டிய பார்லியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. இங்கே தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இன்னும் தரையில் பரப்பி, ஆள் வைத்துக் கிளறி, தாங்களே செய்கிறார்கள். வடிக்கும்போதும் ஒரு தனி வழக்கம். முதலில் வரும் சாரத்தை எந்த ஆலையும் ஒதுக்கிவிடும். லஃப்ராய்க்கில் முக்கால் மணி நேரம் வரை ஒதுக்குகிறார்கள். பழ வாசனை தரும் இனிப்பான பொருள்கள் முதலில்தான் வரும். அவை விலகிப் போவதால் புகையும் தாரும் முன்னே நிற்கின்றன. பிறகு அமெரிக்காவில் போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய்க்குள் வைக்கிறார்கள். அந்த ஓக் மரம்தான் வெனிலா போன்ற ஒரு தித்திப்பைத் தருகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். நம் ஊர் கிடங்காக இருந்தால் இந்த வெயிலுக்கு தேவதைகள் இன்னும் அதிகமாகவே குடிப்பார்கள்.

அங்கே சுவை பார்க்கும் அறையில் என் முன்னாலும் ஒரு கிளாஸ் வைத்தார்கள். நான் குடிப்பதில்லை, ஆனால் முகர்வதற்கு எந்த விரதமும் தடை இல்லை. விஸ்கி கலக்கும் வல்லுநர்களின் வேலையும் பெரும்பாலும் மூக்கால்தான் நடக்கிறது என்று அங்கிருந்த பெண் சொன்னார். மூக்கின் பக்கம் கொண்டுபோன உடனே என் வாயில் வந்த சொல்: "லைஃப்பாய்."

இப்போது வரும் லைஃப்பாய் இல்லை. நம் கிணற்றடியில் இருந்த, செங்கல் போன்ற சிவப்பு சோப்பு. அது கார்பாலிக் சோப்பு. கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலின் பழைய பெயர். 1865-ல், அதே கிளாஸ்கோ ஊர் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் ஒடிந்த 11 வயதுப் பையனின் புண்ணுக்கு ஜோசப் லிஸ்டர் என்ற மருத்துவர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். புண் சீழ் வைக்காமல் ஆறியது. அறுவை சிகிச்சையில் கிருமி நீக்கும் முறை அப்படித்தான் வளர்ந்தது. ஆஸ்பத்திரி வாசனை என்று நாம் சொல்வதும், சிவப்பு சோப்பின் வாசனையும், பீட் புகையின் வாசனையும் வேதியியல் முறையில் ஒரே குடும்பம். ஆகவே லஃப்ராய்க்கை முகர்ந்துவிட்டு "சிவப்பு லைஃப்பாய்" என்று ஒருவர் எழுதினால் அது பட்டிக்காட்டு வர்ணனை ஆகாது. நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெறும் விடை.

இன்னும் முகர்ந்தேன். ஈரத் தென்னமட்டை புகைகிற வாசம். அயோடின் டிஞ்சர். கருவாடு காயும் மணலில் வரும் உப்புக் காற்று. சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் கொஞ்சம் அடங்கி, நெல் அவிக்கும்போது வருமே, அந்த இளம் தித்திப்பு. சில சொட்டுத் தண்ணீர் விடுவது சும்மா வழக்கத்துக்கு இல்லை. 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். புகை மணம் தரும் குவையகால் என்ற மூலக்கூறு, தண்ணீர் சேர்த்த கலவையில் மேற்பரப்பை நோக்கி வருகிறதாம். மூக்கு இருப்பது மேற்பரப்புக்கு மேல்தானே. கிளாஸின் வாய் குறுகலாக இருப்பதும் இதற்காகத்தான். ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்பவர்களுக்கு இதில் எதுவும் தெரிய வழியில்லை.

அதே ஆலையில் பல வகைகள் உண்டு. 10 வருடம் வைத்தது அடிப்படை வகை. புகையும் மருந்தும் உப்பும் நேராக வந்து முகத்தில் அடிக்கும். குவார்ட்டர் காஸ்க் என்பது 2004-ல் வந்தது. கடைசிக் கட்டத்தில் சின்னப் பீப்பாய்க்கு மாற்றுவதால் மரம் அதிகம் தொட்டு, தித்திப்பு கூடும், ஆல்கஹாலும் 48 சதவீதம். 25 வருடம் போனவற்றில் புகை தணிந்து பழமும் மரமும் முன்னே வரும். வயது கூடக் கூட உயர்ந்தது என்று எண்ணாதீர்கள். வயது கூடினால் வேறாகிறது, அவ்வளவுதான். நம்மையே பாருங்கள்.

இந்த ஆலையின் வரலாற்றிலேயே பார்த்து எழுதிய கதை ஒன்று இருக்கிறது. டொனால்ட், அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் என்ற சகோதரர்கள் 1815-ல் தொடங்கியது இது. மாட்டுக்குத் தீவனமாக வளர்த்த பார்லியில் மிஞ்சியதைக் காய்ச்சியதில் ஆரம்பம். டொனால்ட் 1847-ல் தன் ஆலையின் கொப்பரையிலேயே விழுந்து இறந்தார். பின்னாளில் விற்பனை ஏஜென்சியைப் பக்கத்து லகாவூலின் ஆலையின் பீட்டர் மேக்கி வைத்திருந்தார். 1907-ல் அது கைவிட்டுப் போனதும் அவருக்குக் கோபம். லஃப்ராய்க்குக்கு வரும் ஓடையையே அடைக்க ஆள் அனுப்பினார். நீதிமன்றம் திறக்கச் சொன்னது. வாய்க்கால் தகராறு உலகப் பொதுமொழி போலும். அடுத்து, 1908-ல் தன் வளாகத்திலேயே மால்ட் மில் என்று ஒரு சின்ன ஆலை கட்டி, லஃப்ராய்க் கொப்பரைகளைப் போலவே கொப்பரை செய்துவைத்து, அங்கிருந்த தொழிலாளியையும் இழுத்துக்கொண்டார். அதே தீவு, அதே பீட், அதே வடிவம். வந்தது விஸ்கிதான், ஆனால் லஃப்ராய்க் வரவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரராலேயே காப்பி அடிக்க முடியாத ஒன்றை, எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நீங்கள் அடுத்தவர் சொற்களில் காப்பி அடிக்கிறீர்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெஸ்ஸி வில்லியம்சன். 1910-ல் பிறந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்து, ஆசிரியையாக வேண்டும் என்று நினைத்தவர். 1934 கோடையில் மூன்று மாதத் தற்காலிகச் சுருக்கெழுத்து வேலைக்கு லஃப்ராய்க் வந்தார். திரும்பிப் போகவே இல்லை. முதலாளி இயன் ஹன்டர் தன் தொழில் ரகசியங்களை யாரிடமும் எளிதில் சொல்லாதவர். அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு பொறுப்புகள் ஒவ்வொன்றாக பெஸ்ஸியிடம் வந்தன. போர்க்காலத்தில் ராணுவம் ஆலையைப் பயன்படுத்தியபோதும் சமாளித்தார். 1954-ல் ஹன்டர் இறக்கும்போது ஆலையை அவர் கையிலேயே விட்டுப் போனார். கலவை விஸ்கி மட்டுமே விலைபோன அந்தக் காலத்தில் அமெரிக்கா வரை போய், சிங்கிள் மால்ட் என்று ஒன்று இருக்கிறது என்று எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1972-ல் ஓய்வு பெற்றார். டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த நாட்களில் மளிகைக் கடையில் கணக்கு எழுதிய எனக்கு, இவர் படத்தைப் பார்த்ததும் ஒரு சொந்தக்காரியைப் பார்த்தது போல இருந்தது.

சொற்களுக்கு வருகிறேன். "எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னால்தானே டீச்சர் ஒருவருக்கொருவர் புரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே 1979-ல் ஸ்காட்லாந்தின் ஆராய்ச்சிக் குழு ஒன்று சுவைச் சக்கரம் வரைந்தது. தானியம், பழம், பூ, பீட், மரம், கந்தகம் என்று பெரிய பிரிவுகள். அது இலக்கணம். வேற்றுமை உருபு எல்லாருக்கும் பொது. ஆனால் உதாரண வாக்கியம் அவரவர் எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன், நினைவிருக்கிறதா? புகை என்ற பிரிவுக்குக் கீழே ஸ்காட்லாந்துக்காரர் தன் பாட்டி வீட்டுக் கணப்பை எழுதுகிறார். அவர் பார்த்து எழுதவில்லை, தன் வீட்டை எழுதுகிறார். நீ எழுத வேண்டியது உன் பாட்டியின் விறகடுப்பை. அந்தக் கம்பெனியே இதைத்தான் கேட்கிறது. தங்கள் விஸ்கியைக் குடித்தவர்கள் சொன்ன கருத்துகளை, திட்டியதையும் சேர்த்து, விளம்பரமாகவே போட்டார்கள். பிடிக்கவில்லை என்று சொல்ல அவர்களே இடம் கொடுக்கும்போது நீங்கள் ஏன் நடிக்க வேண்டும்?

ஏன் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

கடன் வாங்கிய அழகான சொற்கள் ஒரு திரை. டாஸ்மாக் வாசலில் நிற்பவர் குடிகாரர், தோல் நாற்காலி வாசனை எழுதுபவர் ரசிகர் என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் ரசிகர் பக்கம் நின்றுகொள்கிறீர்கள். டாஸ்மாக் பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால். லஃப்ராய்க் 10 வருடப் பாட்டிலில் பிரிட்டனில் 40, அமெரிக்காவில் 43. கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, இந்த விஸ்கியின் நாற்றத்தைப் பார்த்து மருந்து என்று உள்ளே விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை சுவையானது. அதைப் பிடித்துக்கொண்டு "இது உடம்புக்கு நல்லது" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சளிக்கு பிராந்தி தடவும் என் உறவினர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு வருடம் நான்காம் வகுப்பில் "எனக்குப் பிடித்த வாசனை, பிடிக்காத வாசனை" என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். மல்லிகை, சாக்கடை என்று எல்லாரும் எழுதினார்கள். ஒரு பிள்ளை, பிடிக்காத வாசனை என்ற இடத்தில், "ராத்திரி அப்பா வரும்போது கதவுகிட்ட வர்ற வாசனை" என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இருந்தது, நான் திருத்தவில்லை. மதுவைப் பற்றி நான் படித்த குறிப்புகளில் அதைவிட உண்மையானது இல்லை. அந்தப் பிள்ளை யாரையும் பார்த்து எழுதவில்லை. சுவைச் சக்கரத்தில் அந்த வாசனைக்கு இடம் இல்லை. ஆனால் நம் தெருக்களில் எத்தனை வீட்டில் அதற்கு இடம் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். உங்களில் சிலர் அந்த வீடுகளிலிருந்துதான் வந்தீர்கள்.

அதனால்தான் சொந்தச் சொல் வேண்டும் என்கிறேன். சொந்தச் சொல்லில் எழுத ஆரம்பித்தால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, கிளாஸில் இருப்பதை உண்மையாக முகர வேண்டிவரும், அப்படி முகர்பவர்களால் மடமடவென்று குடிக்க முடியாது. இரண்டு, "இன்று மூன்றாவது கிளாஸ், வாசனை எதுவும் தெரியவில்லை, சும்மா குடிக்கிறேன்" என்ற வாக்கியத்தையும் எழுத வேண்டிவரும். தோல் நாற்காலிக்குப் பின்னால் அந்த வாக்கியத்தை ஒளித்துவிடலாம். சிவப்பு சோப்புக்குப் பின்னால் முடியாது.

குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள், எதையும் இழந்துவிடவில்லை. காபித்தூள், மாங்காய், மழை நனைத்த மண், புதுப் புத்தகம் என்று முகர எவ்வளவோ இருக்கிறது. குடிப்பவர்கள், அடுத்த முறை படம் போட்டால், கீழே உங்கள் ஊர், உங்கள் அடுப்பு, உங்கள் கிணற்றடியிலிருந்து ஒரு சொல் எழுதுங்கள். நான் வந்து படிப்பேன். பார்த்து எழுதியிருந்தால் பூஜ்ஜியம்தான், வயதைப் பார்க்க மாட்டேன்.

மணமானாலும் நாற்றமானாலும், உங்கள் மூக்கு மறக்காத ஒரு வாசனையை ஒரே வரியில் கீழே எழுதுங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்